ஓய்வுக்காலம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

முதலில் சம்பாதித்து முடியுங்கள், ஆன்மிகத்தை ஓய்வுக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. புத்தர் சொன்ன எட்டு நெறிகளில் ஒன்று நேர்மையான பிழைப்பு. சம்பாதிக்கும் விதமே ஆன்மிகப் பயிற்சியில் சேர்த்திதான். ரமண மகரிஷியும் குடும்பத்தை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டவர்களை ஊக்குவிக்கவில்லை. துறவு மனத்தில் நடக்க வேண்டியது என்றார். ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் (ஆட்சி கி.பி. 161–180) போர் முகாமில் இருந்தபடியும் தன் மனத்தை விசாரித்து எழுதினார். அவருக்கா வேலை குறைவு?

நாம் இரவெல்லாம் விழித்துச் செய்த வேலைக்குக் கூட்டத்தில் வேறொருவர் பாராட்டு வாங்குகிறார் என்று வையுங்கள். காது சூடாகும், அடுத்து யார் பேசுவதும் மண்டையில் ஏறாது. அந்த எரிச்சலை அங்கேயே உட்கார்ந்து கவனிப்பது, அப்புறம் நிதானமாக நம் பங்கை எடுத்துச் சொல்வது... கண்ணை மூடி உட்காரும் அரைமணி நேரத்தில் மட்டும் இந்தப் பயிற்சி கிடைக்காது. (தியானம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் அவசியம்.) பதவி உயர்வுக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. அது கைநழுவிய அன்று இரவு தூக்கம் வருகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வேலையில் இருக்கும்போதே என்ன செய்யலாம் என்று கட்டுரையாளர் அடுத்து எழுதினால் நன்றாக இருக்கும்.