பத்தரை மணிக்குப் பசிக்கும் பிள்ளை

எங்கள் வீட்டில் முறுக்கு டப்பா திறக்கும் சத்தம் ராத்திரி பத்தரைக்கு மேல்தான் கேட்கும். எல்லாரும் சேர்ந்து தோசை சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு என் பையன் மெதுவாக அடுப்படிக்குப் போவான். அந்த எவர்சில்வர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகத்தால் மூடியை நெம்புவான், அது "டப்" என்று திறக்கும்போது நான் போய்த் திட்டுவேன். "இப்பத்தானேடா நாலு தோசை தின்ன?" அவன் சொல்வது ஒன்றுதான், "பசிக்குதும்மா." வாய்ப்பழக்கம், சும்மா சொல்கிறான் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பசி நிஜம் என்று இப்போதுதான் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவனுக்கு 9 வயது, எடை 42 கிலோ. பின்கழுத்து கறுத்துப் போயிருந்ததை அழுக்கு என்று நினைத்து, எரியுது எரியுது என்று அவன் அழ அழ கடலை மாவு போட்டுத் தேய்த்தவள் நான். அது அழுக்கு இல்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் இப்படித் தோல் கறுக்கும் என்று குழந்தை டாக்டர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அவன் என்னென்ன சாப்பிடுகிறான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கி வைத்துவிட்டு, "ராத்திரி எப்போ தூங்குறான், காலைல எப்போ எழுப்புறீங்க?" என்று கேட்டார். தூங்குவது 11 மணி. எழுப்புவது 5.45, ஏனென்றால் ஸ்கூல் வேன் 6.50-க்கே வந்துவிடும். அங்கேயே விரல் விட்டு எண்ணினேன், ஆறே முக்கால் மணி நேரம்! 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9-லிருந்து 12 மணி நேரம் தூங்க வேண்டுமாம்.

பிஸ்கட்டை நிறுத்தினோம், கூல்டிரிங்ஸை நிறுத்தினோம், சீனியைக் குறைத்தோம். தூக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வந்து நிறையப் படித்தேன். பசியைத் தூண்டும் கிரெலின், போதும் என்று சொல்லும் லெப்டின் என்று உடம்பில் இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. சிகாகோவில் இளவயது ஆண்களை இரண்டு நாள் நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்ததில் கிரெலின் 28 சதவீதம் கூடியிருக்கிறது, லெப்டின் 18 சதவீதம் குறைந்திருக்கிறது. 2004-ல் வந்த ஆய்வு இது. அது பெரியவர்கள் கதை. பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. 8 முதல் 11 வயது வரை 37 பிள்ளைகள். ஒரு வாரம் வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாகவும், இன்னொரு வாரம் ஒன்றரை மணி நேரம் குறைவாகவும் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகத் தூங்கிய வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 134 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். 134 கலோரி ஏறக்குறைய ஒரு தோசை. யாரும் அதட்டவில்லை, டப்பாவை ஒளித்து வைக்கவில்லை, தன்னாலேயே ஒரு தோசை குறைந்திருக்கிறது.

அமெரிக்காவில் 977 பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்து கவனித்து வந்திருக்கிறார்கள். நாலரை வயதில் 8 மணிக்குள் தூங்கியவர்களில் பதினைந்து வயதில் உடல் பருமன் ஆனது 10 சதவீதம், 9 மணிக்கு மேல் தூங்கியவர்களில் 23 சதவீதம். லேட்டாகத் தூங்கியதுதான் முழுக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு அம்மாவாக எனக்கு அந்த இரண்டு எண்களும் போதும்.

எங்கள் ஊர் மதுரை, தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ராத்திரி 11 மணிக்கு எந்தப் பரோட்டாக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கண் சொருகிக்கொண்டு சால்னாவில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று! பிள்ளை எப்போது தூங்க வேண்டும் என்பதை நம் கடையும், நம் சீரியலும், நம் போனும்தான் முடிவு செய்கின்றன. குண்டானால் மட்டும் "தின்னி" என்று பட்டம் பிள்ளைக்கு. என்னால் இதைப் பொறுக்கவே முடியவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு மளிகைக் கடை. 9.30-க்குக் கடையை அடைத்து அவர் வீடு சேரும்போது 10 ஆகிவிடும், அப்புறம்தான் எல்லாருக்கும் சாப்பாடு. இதை மாற்றுகிறேன் என்று நான் சொன்னதும் அத்தை கோபப்பட்டார். "அப்பன் மூஞ்சியப் பாக்காமப் புள்ள தூங்கணுமா?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பகலெல்லாம் கடையில் நிற்கிற மனுஷனுக்கு அந்த அரை மணி நேரம்தான் பிள்ளையோடு. கடைசியில் வீட்டுக்காரரே வழி சொன்னார், காலையில் வேன் ஏற்றிவிடுவது இனி என் வேலை என்று. இப்போது அப்பாவும் மகனும் தெருமுனை வரை பேசிக்கொண்டே போகிறார்கள், திரும்பி வரும்போது இவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

பையனுக்கு ஏழரைக்கே சாப்பாடு. எட்டேகாலுக்கு டியூப்லைட்டை அணைத்துவிட்டு சின்ன லைட், ஏனென்றால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் தூக்கத்தை வெளிச்சம் அதிகமாகக் கெடுக்கும். போன் ஹாலில் சார்ஜில் கிடக்கும். ஒரே நாளில் 11-ஐ 9 ஆக்கப் பார்த்தது என் தப்பு, அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்து அழுதான். அப்புறம் மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவந்தோம். இப்போது எட்டே முக்காலுக்கெல்லாம் தூங்கிவிடுகிறான், ஒன்பது மணி நேரம் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்க விடுவதையும் நிறுத்திவிட்டேன், விட்டால் அன்றைக்கு ராத்திரி திரும்பவும் பழைய கதைதான்.

இன்னொன்று, குண்டாக இருக்கும் பிள்ளை குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறான் என்று சந்தோஷப்படாதீர்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நாலு மாசம் ஆகிறது. எடை அதே 42-ல் நிற்கிறது, உயரம் 2 செ.மீ. கூடியிருக்கிறது, வளரும் பிள்ளைக்கு இதுவே நல்லது என்றார் டாக்டர். எல்லாம் தூக்கத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் இப்போது அவனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான். முன்னெல்லாம் ஸ்கூல் விட்டு வந்ததும் யூனிபார்மோடு சோபாவில் சரிந்துவிடுவான்.

இன்னும் தீராதது டியூஷன்தான். எங்கள் பையன் சின்னவன், அஞ்சு மணி பேட்ச், தப்பித்தான். ஆறாவது வந்தால் ஏழரையிலிருந்து ஒன்பது வரை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து அந்தப் பிள்ளைகள் எப்போது படுக்கும்? எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர் அந்த பேட்ச்சில் போகிறார்கள். அவர்கள் அம்மாக்களோடு பேசிவிட்டேன், வரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போய் ஆறு மணிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப்போகிறோம்.