ஏலம் போட அவருடைய பெயர் போதும், மீட்க மட்டும் போதாதா?

நேற்று ஒரு கடிதம் வந்தது. உறையில் என் கணவரின் பெயர். அடகு வைத்த நகைக்குத் தவணை கடந்துவிட்டதாம், மீட்காவிட்டால் ஏலத்தில் விடுவார்களாம். அவர் போய்ப் பதினொரு மாதம். மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை அதே வங்கியில் என் கையாலேயே மூன்று தரம் கொடுத்திருக்கிறேன்!

அந்த நகை என்னுடையது. அம்மா போட்டுவிட்ட இரண்டு காப்பும் ஒரு சங்கிலியும். அவர் கடைசியாகக் கப்பல் வேலைக்கு ஏறும்போது மெடிக்கலுக்கும் சான்றிதழ் புதுப்பிக்கிற கோர்ஸுக்கும் காசு முட்டுப்பட்டது, கழற்றிக் கொடுத்தேன். வங்கிக்குப் போனவர் அவர், அடகுச் சீட்டு அவருடைய பெயரில் விழுந்தது. இப்போது முதலும் வட்டியும் எண்ணி எடுத்துக்கொண்டு போய் நின்றால், "சீட்டுக்காரர் வரவேணும் அம்மா" என்கிறது கவுண்டரில் இருக்கிற பிள்ளை. எங்கே இருந்து கூட்டிக்கொண்டு வர? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவருடைய பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தவள் நான்.

"அப்ப கோர்ட் ஓடர் எடுங்கோ."

சரி. உயில் எழுதாமல் போனவரின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் 'டெஸ்டமென்டரி கேஸ்' போட வேண்டும், பத்திரிகையில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், ஒருவரும் ஆட்சேபிக்காவிட்டால் அந்தச் சொத்தைப் பொறுப்பெடுக்கிற நிர்வாகக் கடிதம் கிடைக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. 1876ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்த சட்டம் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு என்று தெளிவாகச் சொல்கிறது. பிள்ளைகள் இருந்தால் தாய் தகப்பனுக்குப் பங்கு போகாது. அப்படியிருக்க, மாமியிடம் சம்மதக் கடிதம் வாங்கி வா என்று ஒரு அலுவலகத்தில் என்னை அலைக்கழித்தார்களே, அதற்கு யார் பதில் சொல்வது? எழுபத்தெட்டு வயது மனுஷியைச் சல்லிக் கிராமத்தில் இருந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மகனின் பெயரைக் கேட்டதும் அந்த மேசைக்கு முன்னாலேயே அழத் தொடங்கிவிட்டா. கடைசியில் வேறொரு ஐயா வந்து, "இது தேவையில்லையே, ஆர் கேட்டது?" என்றார்.

பிறகு அந்த 'எச்'. அவருடைய கடவுச்சீட்டில், ஆங்கிலத்தில், பெயருக்கு நடுவில் ஒரு 'எச்' இருக்கிறது. அடையாள அட்டையில் அது இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பெயர்தான், ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே ஆள் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஒரு இடத்தில் எடுத்தார்கள், அடுத்த இடத்தில் இந்தச் சத்தியக்கடதாசி பழசு, புதிதாக முடித்து வா என்றார்கள். இருபத்திரண்டு வருசம் என்னோடு குடும்பம் நடத்தினவர் ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று நான் இன்னும் எத்தனை பேருக்குச் சத்தியம் பண்ண வேண்டும்?

கொழும்பில் இருந்து வருகிற கடிதமெல்லாம் சிங்களத்தில். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. திருகோணமலையில் இருக்கிற ஒரு விதவைக்கு இரண்டு வரி தமிழில் எழுத இன்னும் ஆளில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிதான் வாசித்துச் சொல்வான். ஒருமுறை அவன் ஊரில் இல்லை, கடிதத்தில் சொன்ன திகதி கடந்துபோயிற்று. இரவு பஸ்ஸில் கந்தளாய், ஹபரணை என்று விடிய விடியக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், "நேற்றல்லவா வரச்சொன்னது" என்கிறார்கள்.

அவரைக் கப்பலுக்கு அனுப்பின ஏஜென்ட் நட்டஈட்டுக்கென்று அனுப்பின தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக்க ஆங்கிலம். இந்தத் தொகையோடு எல்லாம் தீர்ந்தது, இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று ஒப்பமிடச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கிற தொகை அதைவிடக் கூட. "இப்ப வாங்காட்டி வருசக்கணக்கா இழுபடும் அக்கா, யோசியுங்கோ" என்று போனில் வெருட்டுகிறான். கப்பலில் வேலை செய்கிறவர்களின் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்றிருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள நட்டஈட்டை முழுதாக, தாமதிக்காமல் கொடுக்க வேண்டும், குறைத்து வாங்கச்சொல்லி நெருக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. புருசனைப் பறிகொடுத்த பெண்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து விளங்காத தாளில் ஒப்பம் வைக்காதீர்கள்.

அவருடைய பை நாலு மாதம் கழித்துத்தான் வந்தது. டீசல் மணக்கிற செம்மஞ்சள் பொயிலர் சூட், தேய்ந்த செருப்பு, நான் வறுத்து இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் அரைப் பை, வாய் ரப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டியபடி. போன் இல்லை. எங்கள் படமெல்லாம் அதில்தான். கேட்டால் பட்டியலில் இல்லை என்கிறார்கள். பட்டியல் எழுதினவர் யார் என்று கேட்டால் பதிலில்லை.

போகிற இடமெல்லாம் ஒரு கேள்வி: "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" இல்லை. அதனால்தான் வந்து நிற்கிறேன்! ஒன்பது மாதம் அவர் கடலில் நிற்கையில் வீட்டு வேலைக்கு மேசன் பிடித்ததும், வரி கட்டினதும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எடுத்ததும் நான்தான். அப்போது ஒருவரும் ஆம்பிளையைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன், ஏலக் கடிதத்தோடு. வழக்கு முடியும்வரை ஏலத்தை நிறுத்தி வைப்பதாகவும், என்னிடம் இன்னும் என்னென்ன பத்திரம் வேண்டும் என்றும் ஒரே தாளில் தமிழில் எழுதி, ஒப்பமும் முத்திரையும் வைத்துத் தரட்டும். அது கையில் வரும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்.