'ஜேமி' பற்றி ஒரு மாற்றுக் கருத்து

அமெரிக்க ராக் குழுவான அலபாமா ஷேக்ஸின் ரசிகர்களை அதன் பாடகி பிரிட்டனி ஹோவர்ட் ஏமாற்றிவிட்டார், அவருடைய தனி ஆல்பமான 'ஜேமி'யில் கிட்டாரே காணோம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 2019-ல் முதல் தடவை கேட்டபோது நானும் இதையேதான் சொன்னேன், பொய் சொல்லவில்லை. பஸ்ஸில் போன் ஸ்பீக்கரில் கேட்டால் டிரம்ஸ் தடதடவென்று முன்னால் வந்து நிற்கும், குரல் எங்கேயோ டப்பாவுக்குள்ளிருந்து வரும். அப்புறம் ஒருநாள் ராத்திரி நல்ல ஹெட்போன் போட்டுக் கேட்டபோதுதான் ராபர்ட் கிளாஸ்பரின் கீபோர்டும் நேட் ஸ்மித்தின் டிரம்ஸும் என்ன செய்கின்றன என்றே புரிந்தது.

சின்ன வயதிலேயே கண் புற்றுநோயில் இறந்துபோன, பிரிட்டனியுடைய அக்காவின் பெயர்தான் ஜேமி. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! 'கோட் ஹெட்' பாட்டையாவது இன்னொரு தடவை கேளுங்கள். பிரிட்டனியின் அம்மா வெள்ளை, அப்பா கறுப்பு. யாரோ அப்பாவின் கார் டயரைக் கிழித்து, பின்னால் ஆட்டுத்தலையைப் போட்டுவிட்டுப் போன கதையை ஏதோ ஊர்ச்சேதி சொல்வதுபோலப் பாடுகிறார். அதற்கு மேல் கிட்டார் சோலோ வேறு வேண்டுமா?

விமர்சகர்கள் பெரும்பாலும் கொண்டாடினார்கள், இந்த ஆல்பத்தின் 'ஸ்டே ஹை' பாட்டு கிராமியும் வாங்கியது. சரி, விருதை விடுங்கள், '13த் செஞ்சுரி மெட்டல்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை, பாட்டா பிரசங்கமா என்றே தெரியவில்லை, அதில் மட்டும் உங்கள் கட்சிதான்.