கால் எங்கே?

எந்தக் காணொலியைப் பற்றிப் பேசுகிறேன் என்பது இரண்டு நாட்களாக இந்தப் பக்கம் வந்து போகிறவர்களுக்குத் தெரியும். பழைய ஹாலிவுட் படத்து நடனம் ஒன்றை நண்பர் ஒருவர் வெட்டி ஒட்டிப் போட்டாரே, அதுதான். அதை மறுபடி பகிர்ந்து இன்னும் நான்கு பேர் பார்க்க நான் வழி செய்யப் போவதில்லை. அதன் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி. அதற்கு, ‘பெரியவரே, ரசிக்கத் தெரியாவிட்டால் நகர்ந்து போங்கள்’ என்று பதில் வந்தது. பதிலுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். நகர்ந்து என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டேன். இங்கேயாவது பேசலாம் அல்லவா?

நான் எழுதிய வரி, ‘கால் எங்கே?’

1936இல் வந்த ‘ஸ்விங் டைம்’ படத்துக் காட்சி அது. அதில் நடிகை ஜிஞ்சர் ராஜர்ஸ் நடனப் பள்ளி ஆசிரியை. நடனத்துக்கே பேர்போன நடிகர் ஃப்ரெட் அஸ்டெயர் ஆடவே தெரியாதவர்போல நடித்து வழுக்கி வழுக்கி விழ, அந்தப் பெண்ணுக்கு வேலை போகிறது. அவள் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்தாள் என்று முதலாளிக்குக் காட்ட இருவரும் ஆடுகிறார்கள். கடைசியில் தளத்தைச் சுற்றியிருக்கும் குட்டைத் தடுப்பை ஏதோ வாசற்படியைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போகிறார்கள். நம் நண்பர் இதைக் கைபேசிக்கு ஏற்றபடி இரு பக்கமும் நறுக்கியதில் ஜிஞ்சர் ராஜர்ஸ் பாதி நேரம் காணவில்லை. எங்கிருந்தோ ஒரு கை மட்டும் வந்து போகிறது. கீழே மூன்றில் ஒரு பங்கை மஞ்சள் எழுத்து மூடியிருக்கிறது: ‘இப்படி ஒரு நடனத்தைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்!’ உண்மைதான், இன்னமும் பார்க்க முடியவில்லை. போதாததற்கு அசல் ஒலியை எடுத்துவிட்டு மேளச் சத்தம் ஒன்றைப் பூசியிருக்கிறார்.

இவர்கள் ஆடும் டேப் நடனத்தில் காலணியின் முனையிலும் குதியிலும் உலோகத் தகடு அடித்திருப்பார்கள். அங்கே கால்தான் வாத்தியம். அதன் ஒலியை எடுத்துவிட்டு, காலையும் மறைத்துவிட்டு, மிச்சத்தை நடனம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

அதுவும் யாருடைய கால்! அஸ்டெயர் ஹாலிவுட்டுக்கு வந்த 1933இல் நடனக் காட்சிகளை இயக்கிய பஸ்பி பெர்க்லியின் பாணி கொடிகட்டிப் பறந்தது. டஜன் கணக்கில் பெண்களைப் பூக்கோலம்போல நிறுத்தி உச்சியிலிருந்து படம் பிடிப்பார்; தனி ஆளின் ஆட்டத்துக்கு அதில் இடம் குறைவு. அஸ்டெயர் கேட்டது வேறு: தலை முதல் பாதம் வரை முழு உருவமும் சட்டத்துக்குள் தெரிய வேண்டும், வெட்டுகள் கூடியவரை குறைய வேண்டும். ஒன்று நான் ஆடுவேன், இல்லை கேமரா ஆடட்டும் என்பது அவர் சொன்னதாகப் புகழ்பெற்ற பேச்சு. நடன அமைப்பாளர் ஹெர்மெஸ் பானோடு வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார். இதே படத்தின் கடைசி நடனத்தை 47 முறை எடுத்தார்கள், ஜிஞ்சர் ராஜர்ஸின் காலில் ரத்தம் கசிந்தது. ரத்தம் கசிந்த அந்தக் கால்கள் பார்வையாளனுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். இவர் அதன் மேல் மஞ்சள் எழுத்தை ஒட்டுகிறார்.

ஓர் அறிவாளி கேட்டார்: அந்தக் காலணிச் சத்தமே படப்பிடிப்புக்குப் பிறகு தனியாகப் பதிவு செய்ததுதானே, அது மட்டும் அசலா? ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். ஜிஞ்சர் ராஜர்ஸின் காலணிச் சத்தத்தைப் பல சமயம் ஹெர்மெஸ் பானே தட்டிக் கொடுத்தார். ஆனால் திரையைப் பார்த்து ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடி திரும்பத் தட்டினார்கள், ஐயா. உங்கள் மேளத்துக்கு அந்தக் கால் எப்போது தரையைத் தொட்டது என்றாவது தெரியுமா?

இன்னொருவர், இதே படத்தில் அஸ்டெயர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆடினாரே என்றார். ஆடினார். கறுப்பின டேப் நடனக் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை என்ற பெயரில் எடுத்த காட்சி, இன்று பார்க்கக் கூசுகிறது. அதைத் தனியாகப் பேசுவோம். இப்போது நான் கேட்பது காலை.

எண்பது தொண்ணூறு வருடம் முந்தைய வெள்ளைக்காரனுக்காக உனக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை.

என் தங்கையின் அரங்கேற்றத்துக்கு அப்பா கடன் வாங்கி வீடியோ எடுக்க ஏற்பாடு செய்தார். ஏழு வருடம் பரதநாட்டியத்துக்காக முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து தொடை நடுங்கப் பழகியவள் அவள். கேசட் வந்ததும் வீடே கூடி உட்கார்ந்தோம். காலால் தாளம் தட்டி முடிக்கும் தீர்மானம் வரும் இடத்தில் எல்லாம் படம்பிடித்தவர் அவள் முகத்துக்குத் தாவியிருந்தார். தில்லானாவில் இதயவடிவப் பூச்சட்டம். அதற்குள் அவள் கண்கள். ஜதியும் சலங்கையும் கேட்கின்றன, கால் மட்டும் இல்லை. நட்டுவனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘கால் எங்கேம்மா?’ என்று கேட்டார். தங்கை எழுந்து உள்ளே போனாள். படம்பிடித்தவரைக் கேட்டதற்கு, ‘முகம் தெரிந்தால்தானே வரன் வரும்’ என்றார். வரனும் வந்தது. அத்தோடு சலங்கை பரணுக்குப் போனது. அவள் ஆடினாள் என்பதற்கு இன்று எங்களிடம் இருப்பது பூஞ்சை பிடித்த அந்த ஒரு கேசட்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அஸ்டெயர் 1987இல் இறந்தார். பத்து வருடம் கழித்து ஒரு விளம்பரத்தில், அவர் ஆடிய பழைய காட்சியில் கையிலிருந்ததை அழித்துவிட்டு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கணினியில் செருகினார்கள். மனைவி அனுமதித்திருந்தார், மகள் வெளிப்படையாகக் கண்டித்தார். எனக்கு அந்த மகளைப் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த விளம்பரக்காரர்கள்கூட காலை விட்டுவைத்தார்கள்.

‘நான் போட்டதால்தானே இந்தத் தலைமுறைக்கு அவர் பெயர் தெரிந்தது’ என்கிறார் நண்பர். எங்கே தெரிந்தது? காணொலியில் பெயரே போடவில்லையே. ஜிஞ்சர் ராஜர்ஸுக்குப் பெயரும் இல்லை, உருவமும் இல்லை.

இதற்கு மேல் எழுதினால் கோபம் எங்கெங்கோ போகும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணொலியை முதலில் எனக்கு அனுப்பியது என் தங்கைதான். ‘அண்ணா, உனக்குப் பிடிக்குமே’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள். முழுக் காட்சியைத் தேடியெடுத்து நேற்று இரவு அவளுக்கு அனுப்பினேன். சில நிமிடங்கள்தான் ஓடும். அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை.