ஓநாய்களைச் சுட்டால் கரிபூ பிழைத்துவிடுமா?

"கனடாவில் வனக் கரிபூ மான்கள் குறைவதற்கு ஓநாய்களே காரணம், அவற்றைச் சுட்டுவிட்டால் போதும்" என்றொரு தகவல் பகிரப்படுகிறது. பாதி உண்மை, அதனால்தான் எளிதில் நம்பப்படுகிறது.

ஓநாய்கள் கரிபூவைக் கொல்வது மெய்தான். ஆனால் அவற்றை அங்கே பெருக்கியது எது? முதிர்ந்த காட்டை வெட்டினால் இளம் புதர் தழைக்கிறது. அதைத் தின்ன மூஸ் மான்கள் வருகின்றன, பின்னாலேயே ஓநாய்கள். எண்ணெய் தேடிக் காட்டை நேர்க்கோடாக வெட்டிய பாதைகளில் அவை விரைந்து ஓடுகின்றன. ஆல்பர்ட்டா மாகாணத்தின் லிட்டில் ஸ்மோக்கி பகுதியில் 2005 முதல் ஓநாய்களைக் கொன்றார்கள். கரிபூக்களின் சரிவு நின்றது, ஆனால் அவற்றின் கூட்டம் பெருகவில்லை.

கனடா அரசின் 2012 கரிபூ மீட்புத் திட்டம், பெரும்பாலான வாழிடங்களில் குறைந்தது 65 சதவீதம் சிதையாதிருக்க வேண்டும் என்கிறது. அப்போதும் கூட்டம் தானாக நிலைக்கும் வாய்ப்பு 60 சதவீதமே!