‘நல்லுறவு உண்டா?’ என்று கேட்டால் எல்லாரும் 4தான் போடுவார்கள்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்துக்கு இன உறவு ஆய்வு என்று வரும் மாணவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே மாதிரி தாள்தான். “பிற இனத்தவரோடு நல்லுறவு உண்டா? 1 முதல் 5 வரை.” எல்லாரும் 4ஐ வட்டமிட்டு அனுப்பிவிடுவார்கள். வாசலில் வெயிலில் நிற்கிற பிள்ளையிடம் யார் மனசைத் திறப்பார்கள்? அதிலும் கேட்பது மலாய்ப் பிள்ளையா, சீனப் பிள்ளையா, நம் பிள்ளையா என்பதைப் பொறுத்துப் பதிலே மாறும். கேட்டவர் யார் என்று குறித்து வைக்க அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இருக்காது.

என் கட்சி இதுதான்: அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள், நடப்பைப் பாருங்கள்.

முதலில் ஊரின் படத்தை வரையுங்கள். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது இங்கே தானாக அமைந்ததில்லை. 1948 ஜூன் 16இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய அரசின் அவசரகாலம் வந்தது. 1950இல் அதே அரசின் பிரிக்ஸ் திட்டம் வந்து, கிளர்ச்சிக்காரரிடமிருந்து பிரித்து வைக்கக் காட்டோரச் சீனர்களைப் பெயர்த்து வேலி போட்ட புதுக்கிராமங்களில் வைத்தது. தமிழன் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், மலாய்க்காரர் கம்பம் என்ற கிராமத்தில், ஆற்றின் மேல்பக்கம் தெமியார் பூர்வகுடிகள். அந்தக் கோடுகளில் பல இன்னும் அழியவில்லை. தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகள்தான் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கின்றன.

அப்புறம் கோப்பிக் கடை. காலை 7 மணி, நண்பகல், மாலை 5 மணி. ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், அதே மேசை, இரண்டு வாரம், சம்பள நாளும் அதற்குள் வர வேண்டும். காலையில் மட்டும் போனால் பென்ஷன் அண்ணன்மாரைத்தான் எண்ணிவிட்டு வருவீர்கள். தோட்டத்தில் வெட்டு வேலை முடித்தவர் பட்டணத்துக்கு வர மதியம் தாண்டிவிடும். முதல் சொல் எந்த மொழியில் விழுந்தது, எந்த இடத்தில் மொழி மாறியது, யார் யாரைத் தவுக்கே (முதலாளி), அண்ணே, மாக்சிக் (மலாயில் அத்தை) என்கிறார்கள், காசு கொடுப்பது யார் என்று குறியுங்கள். உறவின் உயரமும் தாழ்வும் அந்த விளிச்சொல்லில் வந்துவிடும்.

பண்டிகைக்குப் பிற இனத்தாரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்புப் படங்களை ‘ஆதாரம்’ என்று ஒட்டுகிறார்களே, அதில் முகங்களை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். தீபாவளிக்கு மலாய் நண்பர் வருகிறார் என்றால் பல வீடுகளில் சாப்பாடு மலாய்க் கேட்டரிங்கில் வரும், தட்டு காகிதத் தட்டு, பானம் டின்னில். நோன்புப் பெருநாளில் அந்தப் பக்கமும் அப்படித்தான்: மாட்டு ரெண்டாங் கறி ஒரு மூலையில், கோழி தனிச் சட்டியில், கரண்டியும் தனி. “இது கோழி” என்று மாக்சிக் நாம் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார். இதைப் பிரிவினை என்று எழுதினால் தப்பு, ‘ஒரே குடும்பம்’ என்று எழுதினாலும் தப்பு. கோடு இருப்பது இருவருக்கும் தெரியும், தெரிந்துதான் தாண்டுகிறார்கள். நார்வே மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: பழகுவதால் இன எல்லை அழிந்துவிடாது, பழக்கத்தின் நடுவிலேதான் அது நிற்கிறது.

பழகினால் சரியாகிவிடும் என்பவர்கள் அமெரிக்க உளவியலாளர் ஆல்போர்ட் 1954இல் வைத்த நிபந்தனைகளை மறந்துவிடுகிறார்கள்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்து ஆதரவு. ஒரே பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) கிராணி என்ற எழுத்தரும் குத்தகைத் தொழிலாளியும் நின்றால் அது சம அந்தஸ்தா?

இனம் குறிக்கும் கட்டங்களிலும் கவனம் வேண்டும். ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லாரும் அடைபடுகிறார்கள். மண்ணின் மைந்தர் என்ற ‘பூமிபுத்ரா’ கட்டத்தில் மலாய்க்காரரோடு தெமியாரும் சேர்ந்துவிடுகிறார். செம்பனைக் குலை வெட்டுகிற இந்தோனேசியரும் வங்காளதேசியும் எந்தக் கட்டத்திலும் இல்லை. 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ 6.7 விழுக்காடு, அதை வைத்து ஒரு தோட்டத்து லயத்தை அளக்க முடியாது.

கேள்வித்தாளை மூன்றாவது வாரம் எடுங்கள். அப்போதும் “நல்லுறவு உண்டா” வேண்டாம். பக்கத்து வீட்டில் கடைசியாக எந்தப் பாத்திரத்தை இரவல் வாங்கினீர்கள், எந்த மொழியில் கேட்டீர்கள், திருப்பிக் கொடுக்கும்போது அதில் என்ன வைத்துக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.