மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்
பழைய கார் வாங்குவது பற்றிய கட்டுரை ஒன்று, 60,000 கிலோமீட்டருக்குள் ஓடிய எஸ்யூவி என்றால் தைரியமாக வாங்கலாம் என்கிறது. மீட்டரைக் குறைத்து வைப்பது பெரிய வித்தையா என்ன? காட்பாடியில் நான் பார்த்த டீசல் வண்டி 48,000 காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. பானெட்டைத் தொட்டால் சூடு. நான் வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். சரி என்று மறுநாள் விடியற்காலையில் சொல்லாமல் போய் நின்றேன். மூன்றாவது தடவைதான் இன்ஜின் பிடித்தது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். அப்புறம், பைபாஸில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசி போட்டபடி ஏறச் சொல்லி, இன்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள் எகிறுகிறதா என்று பாருங்கள். டீசல் செலவு உங்களுடையதுதான், பரவாயில்லை.